வெனிலாவில் கலந்த தண்ணீர்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்க இந்த முறை கை வரவில்லை, உயிரோடு இருக்கிறோம், நீயாவது நலமாக இரு.

கஸ்டர்டில் வெனிலா வாசமே வரவில்லை என்று கேட்டிருந்தாய். கொதிக்கிற பாலில் ஊற்றினால் எப்படியடி வரும், வாசமெல்லாம் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்து, பால் கொஞ்சம் ஆறியதும் ஒரு சின்னக் கரண்டி விடு, போதும். பிஸ்கட்டுக்குக் கடையில் விற்கிற மலிவு எசென்ஸே தாராளம், அந்தச் சூட்டில் வித்தியாசம் தெரியாது. கிரீமுக்கும் கஸ்டர்டுக்கும்தான் நாம் வெனிலாக் காயைக் கீறிச் சாராயத்தில் மாதக்கணக்கில் ஊறவைக்கிற அசல் சாறு வேண்டும். சாராயம் இல்லாமல் அந்த மணம் காயைவிட்டு இறங்காது. அந்தச் சாராயம்தான் இப்போது நம் குடியைக் கெடுத்திருக்கிறது.

உன் அண்ணன் குடியை விட்டுவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அவன் நம் பேக்கரி அலமாரியில் இருந்த வெனிலாவைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அண்ணிக்குத் தெரியும். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்று அவன் மிரட்டியதால், அவன் குடித்துக் குறைந்த அளவுக்குப் பச்சைத்தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறாள் பாவி மகள். தண்ணீர் சேர்ந்தால் சாறு கலங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை கிரீம் அடிக்கும்போது பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தேன், சேற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. யார் இதில் கை வைத்தது என்று பொதுவாகத்தான் சத்தம் போட்டேன், அவள்தான் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். பாட்டிலைப் பிடுங்கி மேஜை விளிம்பில் அடித்து உடைத்து, அந்தக் கண்ணாடியோடு அவள் முகத்துக்கு நேரே பாய்ந்தான். தடுத்த கை மணிக்கட்டுவரை கிழிந்தது. கீழே விழுந்தவளை வயிற்றிலேயே மிதித்தான். பெற்ற பிள்ளை என்று நான் பார்க்கவில்லையடி, மாவு தேய்க்கிற கட்டையை எடுத்து அவன் முழங்கையில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கிரீமெல்லாம் ரத்தம், அந்தக் கண்றாவியிலும் அறை முழுக்க வெனிலா மணத்தது.

போலீசில் புகார் கொடுத்தது நான்தான், அவன் உள்ளே இருக்கிறான். அண்ணிக்குத் தையல் போட்டிருக்கிறார்கள், வலது கை விரல்கள் மடங்க நாளாகுமாம். அவன் எப்படியாவது உனக்குப் போன் செய்வான், அழுவான், சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிச் சுமந்ததைச் சொல்வான், அம்மாவைப் புகாரை வாபஸ் வாங்கச் சொல் என்பான். இளகிவிடாதே. நேற்று அண்ணியே, அவரை விட்டுடுங்க அத்தை, நான் தண்ணி ஊத்தினதாலதானே இவ்வளவும் என்று அழுதாள். நீ ஊத்தினது தண்ணிடி, அவன் ஊத்தினது உன் ரத்தம் என்று அவள் வாயை அடைத்தேன். அவள் இனி என்னோடுதான் இருப்பாள். இடது கையால் காய் கீறப் பழகிக்கொண்டிருக்கிறாள், அலமாரிச் சாவியும் அவளிடம்தான். கட்டையைக் கழுவிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன், அவன் படியேறி வந்தால் மிச்சக் கையும் இருக்காது.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் வெனிலா, மறந்துவிடாதே. அவன் போனை எடுக்காதே.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்ற அம்மா