நெடி வராத மிளகாய்

உக்குவளை

அன்பு மகள் விதுஷாவுக்கு அம்மா எழுதுவது. முத்துமாரி துணையால் இங்கே எல்லோரும் சுகம், உன் தொண்டைக்கு எப்படி இருக்கிறது என்றுதான் தெரியாமல் தவிக்கிறேன். தொண்டை கட்டிப் போன வாரக் கச்சேரியை நிறுத்திவிட்டாய் என்று உன் தம்பி ஜெயக்காந்தன் சொன்னான், அதற்குமேல் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். விலாசத்தையும் கெஞ்சித்தான் வாங்கினேன், அவனைக் கோபிக்காதே. மிளகுக் கொடி கட்டப் போன அப்பாவுக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் காதில் வாங்குவதில்லை.

கொழும்பு மண்டபத்தில் நடந்ததற்காக நீ இன்னும் பேசாமல் இருக்கிறாய், அது ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அத்தனை சனம் வாய் பிளந்து உன்னையே பார்க்கும்போது பெற்றவள் கண்ணூறு கழிக்காமல் இருப்பாளா? இடைவேளையில் மேடைக்குப் பின்னால் சட்டியில் சிரட்டைக் கரியை மூட்டி, உப்பும் செத்தல் மிளகாயும் உன்னைச் சுற்றிப் போட்டேன். மண்டபமே இருமியது, உனக்கும் தொண்டை அடைத்துக் கச்சேரி பாதியில் நின்றுபோனது. இனிமே நான் பாடுற பக்கமே வராதீங்கம்மா என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினவள்தான். நல்லதுக்குத்தானே செய்தேன் என்று அப்பாவிடம் கேட்டால், ஒன்ன யாரு அங்க அடுப்பு மூட்டச் சொன்னா என்கிறார்.

இப்போது நீ பாடுவதைப் போனில்தான் பார்க்கிறேன், விடிந்தால் அடைந்தால் அதே வேலை, அடுப்பில் தேத்தண்ணி சுண்டிப்போவதும் தெரிவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் உன் முகத்தை அதில் நிறுத்திவைத்துச் சுற்றிப் போடுகிறேன். கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடி வராது, இல்லையென்றால் கமறும், உனக்கும் தெரியும். அப்படியென்றால் கொழும்பில் ஒருவர் கண்ணும் உன்மேல் படவில்லை. இங்கேதான் மகளே, எத்தனை மிளகாய் போட்டாலும் நெடியே வருவதில்லை. பக்கத்து வீட்டுக் காத்தாயியிடம் சொன்னேன். நாள் பூரா அந்தப் புள்ளயப் பாத்துக்கிட்டு இருக்கிறது நீதானே, பெத்தவ கண்ணும் படும்டி என்றுவிட்டாள். அவளோடு சண்டை பிடித்தேன். பிறகு பயம் வந்துவிட்டது. போனைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தேன், எடுத்தேன், திரும்பவும் வைத்தேன். உன்மேல் உயிரை வைத்திருப்பவள் கண் உனக்கு எப்படி ஆகாமல் போகும்? யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது.

பச்சைத் தண்ணீர் குடிக்காதே, கழுத்தைத் துணியால் மூடிக்கொள். நீ நூறு வயது நன்றாகப் பாட அம்மாள் அருள் தரட்டும். எனக்கு எழுத விருப்பமில்லை என்றால் தம்பியிடமாவது சொல்லி அனுப்பு. பார்க்கக் கூடாது என்றால் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேட்கலாமா?

இப்படிக்கு,
உன் அம்மா