சமோவாவில் சுற்றி வந்த கொட்டாங்கச்சி

இன்று காலை ராயபுரத்தில் ஒரு கிடங்கு வாசலில் கொப்பரை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்கக் காறல் வாடை. தாண்டிப் போக முடியாமல் நின்றுவிட்டேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டவன், எழுதியாவது பார்ப்போம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர்கள் நாம். நீ வியாசர்பாடி, நான் திருவொற்றியூர். உங்கள் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு என்னுடையது. அடுப்பின் அந்தச் சூட்டில் யார் என்ன சாதி என்று எவரும் பார்ப்பதில்லை. ஆனாலும் எனக்கென்று தனியாக ஒரு தகரக் குவளை வைத்திருந்தேன். ஏன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. என் கால் வெந்துபோனபோது என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இரும்புப் படி ஏறியவன் நீ. உன் தோளில் கிடக்கலாம், என் குவளையை நீ தொடக் கூடாது. அது அப்போது எனக்கு விசித்திரமாகவே படவில்லை.

கொப்பரை ஏற்றப் பசிபிக் கடலில் இருக்கும் சமோவாத் தீவுக்குப் போனோம். கரையிலிருந்து மூட்டைகளைக் கொண்டுவந்த படகு ஒன்று பாறையில் மோதிக் கவிழ்ந்தது. துடுப்புப் போட்டவர் தலையில் அடிபட்டு மூழ்கினார். புழல் ஏரியில் நீந்திப் பழகிய நீ யோசிக்காமல் குதித்து அவரை இழுத்து வந்தாய். மறுநாள் அவர் குடும்பத்தார் உன்னை விருந்துக்கு அழைத்தார்கள். நீ என்னையும் கூட்டிக்கொண்டு போனாய்.

அந்த வீடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வட்டமான கூரை, சுற்றிலும் மரத்தூண்கள், சுவர் கிடையாது. ஓலைத் தட்டிகளைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள். பெரியவர்கள் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். உனக்கும் ஒரு தூணைக் காட்டினார்கள். நீ என் காதோரம் சொன்னாய்: “செவுரே இல்லாத வூடு அண்ணாத்தே. இங்க யாரைப் போயி வெளிய நிக்க சொல்வாங்க?”

நடுவில் பல கால்கள் வைத்த மரத்தொட்டி. ஒரு பெண் ஏதோ வேரை இடித்த தூளைத் தண்ணீரில் பிசைந்து நாரால் வடிகட்டினாள். சேற்று நிறம். ஒருவர் பெயர்களை நீட்டி முழக்கிக் கூப்பிட, அந்தந்த ஆளுக்குக் கொட்டாங்கச்சியில் மொண்டு கொடுத்தார்கள். மதிப்புக்குத் தகுந்த வரிசை அது என்று கப்பல் இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் சொன்னார். முதலில் கூப்பிட்டது உன் பெயரை.

நம் பக்கத்து டீக்கடைகளில் உங்கள் ஆட்களுக்கென்று தனியாக மாட்டி வைத்திருந்ததும் கொட்டாங்கச்சிதான். நீ அதை இரண்டு கையாலும் வாங்கிச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு அவர்கள் காட்டியபடி நாலு சொட்டுச் சிந்திவிட்டு ஒரே மூச்சில் குடித்தாய். அதையே மறுபடி நிரப்பி என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

என் கை எழவில்லை. வேண்டாம் என்று நான் நினைக்கக்கூட இல்லை, எழவில்லை, அவ்வளவுதான். வீட்டுக் கிழவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். கப்பல் இங்கிலீஷில் பதில் சொன்னது நீ. இவர் கடவுளுக்கு வேண்டிக்கொண்டு விரதம் இருக்கிறார், அதனால் குடிக்க மாட்டார் என்றாய்.

கிழவர் எழுந்து வந்தார். என் விரதத்தை மதித்துத் தன் கழுத்திலிருந்த பூமாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். உன் உயிரைப் பணயம் வைத்து நீ வாங்கிய மரியாதையை, உன் எச்சிலுக்குக் கூசிய நான் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

என்னைக் காப்பாற்றினாயா, குத்திக் காட்டினாயா? கப்பலுக்குத் திரும்பியதும் இரண்டு முறை பேச்செடுத்தேன். “கரி ஈரமா கீது, பாத்துத் தள்ளு,” என்றாய்.

பிறகு கப்பல் வேலையை விட்டு ஆளுக்கொரு பக்கம் போனோம். நெஞ்சில் கரித்தூள் அடைத்து நீ படுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு, முதல்முறையாக உன் வீட்டுக்கு வந்தேன். நீ எலும்பாகக் கிடந்தாய். தீவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நீ தலையைத் தூக்காமலே சொன்னாய்: “அவுருக்குத் தராதமே. அவுரு விரதம்.”

அதில் இருந்தது சிரிப்பா, இருமலா, எனக்குப் பிடிபடவில்லை. சொம்பை அவர் கையிலிருந்து வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். சட்டையெல்லாம் நனைந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தபோது நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். கூப்பிடாமலே வெளியே வந்துவிட்டேன். மூன்றாம் நாள் சேதி வந்தது.

காரியம் முடிந்த பிறகு உன் மனைவியிடம் கேட்டேன், நான் போனதும் ஏதாவது சொன்னாயா என்று. “ஒண்ணும் சொல்லலண்ணே. தூங்கிக்கினு இருந்தாரு,” என்றார். எப்போதிருந்து தூங்கினாய் என்று அவரிடம் எப்படிக் கேட்பேன்?

அந்தத் தண்ணீரின் சில்லிப்பு இன்னும் தொண்டையில் இருக்கிறது. நான் குடித்ததை நீ பார்த்தாயா என்பதுதான் தெரியவில்லை.