பஞ்சாரத்துக்குள் அடைபட்ட ஆந்தை

மோகனூர்,
மாசி 4

அன்பு மகன் அன்பரசுவுக்கு, அப்பா தன் கையாலேயே எழுதுவது. நானும் உன் அம்மாவும் எருமை இரண்டும் நலம். ராஜஸ்தான் குளிரில் நீயும் உன்னோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஆட்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த வயதில் முதியோர் எழுத்து வகுப்பு முடித்தவனுக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இதை எழுத மூன்று மத்தியானம் ஆனது. எழுத்து கோணலாக இருந்தால் படித்து முடித்துவிட்டுச் சிரி.

நம் பழைய கிணற்றுப் பொந்தில் வெள்ளை மூஞ்சி ஆந்தை குடியிருக்கிறது அல்லவா, கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் மஞ்சுளா என்ற பெண் அதைப் பிடித்து முதுகில் புளியங்கொட்டை அளவு கருவி ஒன்றை மெல்லிய வாரால் கட்டி விட்டிருக்கிறாள். அவள் ரேடியோவில் அது டிக் டிக் என்று கேட்கும். மீன் முள் போன்ற ஏரியலைத் திருப்பினால் எந்தப் பக்கம் சத்தம் கூடுகிறதோ அங்கே பறவை இருக்கிறது என்று அர்த்தம். அது எங்கெங்கே இரை தேடப் போகிறது என்று வரைபடத்தில் புள்ளி வைக்கிறாள். பகலில் கிணற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்த்து நேரத்தை எழுதி வைப்பது என் வேலை.

போன வெள்ளிக்கிழமை சத்தமே இல்லை, சனியும் இல்லை. பொந்தில் மூன்று குஞ்சுகள், கருவி கட்டியிருப்பது தாய்க்கு. ஆண் ஆந்தை மட்டும் இரை கொண்டுவருது, தாய் இல்லாட்டி பிழைக்காதுங்க ஐயா என்று மஞ்சுளா சோறு தின்னாமல் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிறு காலை இருவரும் வரப்பு வரப்பாக நடந்தோம். சத்தம் கூடிக் கூடி, கடைசியில் பக்கத்துக் காட்டுச் சின்னண்ணன் வீட்டு வாசலில், கோழி அடைக்கும் பஞ்சாரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அதன்மேல் குழவிக்கல் வேறு. வியாழன் இரவு அவனுடைய மோட்டார் அறையில் ஆந்தை வந்து உட்கார்ந்திருந்ததாம். முதுகில் கட்டியிருந்த கருவியைப் பார்த்ததும் யாரோ தனக்குச் செய்வினை வைத்து ஏவிவிட்டதாக முடிவு கட்டி, செவ்வாய்க்கிழமை பூசாரி வரும்வரை அடைத்து வைத்திருக்கிறான். ஏனுங் மாமா, இது உங்க சோலிங்களா, ரெண்டு நாளா எனக்குக் கஞ்சித்தண்ணி எறங்கலீங்க என்றான். அவன் பெண்டாட்டி செல்லியம்மாள், அவருக்கு எறங்காட்டிப் போகுதுங்க, அதுக்குக் கோழிக்குடல் போட்டேன், நல்லாத் தின்னுச்சு என்றாள்.

மஞ்சுளா கோபப்படவில்லை. வரைபடத்தை விரித்துக் காட்டினாள். புள்ளிகளில் பாதிக்கு மேல் சின்னண்ணன் கரும்புக் காட்டில்தான், அங்கேதான் எலி அதிகம். அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, அப்ப இது எனக்கு ஏவி உட்டது இல்லீங்களா, எனக்கு வேலைக்கு வந்ததுங்களா என்று கேட்டான்.

பொழுது இறங்கியதும் திறந்துவிட்டோம். கரும்புக்கு மேலே தாழப் பறந்து போனது, கிணற்றுப் பக்கம் திரும்பவில்லை. பிரிந்த தாய் குஞ்சுகளிடம் வருமா என்று மஞ்சுளாவுக்கே உறுதியில்லை. விடிந்து நான் போனபோது சின்னண்ணன் எனக்கு முன்பே கிணற்று மேட்டில் நிற்கிறான், அவளிடம் கேட்டு வாங்கிய ஏரியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. மாமோவ், டிக் டிக்னு கேக்குதுங்க, உள்ளதான் இருக்குதுங்க, ஆரும் சத்தம் போடாதீங்க என்று ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும்படி கத்தினான்.

குழாய் இறக்கும்போது கையுறை இல்லாமல் நிற்காதே சாமி. மாரியம்மன் உன்னைக் காக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டேன்.

உன் அப்பா,
பெரியசாமி