எதிர்முனையில் நிற்பவள்

ஆல்டர்புரூக், சஸ்காச்சுவான்
19 ஜனவரி 1994

அன்புள்ள லைல்,

நலம்தானே? இங்கே நான்கு நாளாக மைனஸ் முப்பது. காரின் எஞ்சின் ஹீட்டர் ஒயரை எலி கடித்துவிட்டது, வண்டி கிளம்புவதில்லை. பாடம் நடத்தப் பள்ளிக்கு நடந்தே போய் வருகிறேன். நீ வடக்கே போனபின் தண்ணீர்க் குழாய் ஒருமுறை உறைந்தது. நானே சரிசெய்தேன்.

செய்தி இதுதான். மார்ச் முதல் சனிக்கிழமை கர்லிங் மன்றத்தில் உன்னைக் கௌரவித்து உன் படத்தை மாட்டப்போகிறார்கள். சுற்றுவட்ட ஊர்களுக்கெல்லாம் பனித்தளம் போட்டுக் கொடுத்தவன், குனிந்து கல்லைப் பனியில் வழுக்கிவிட முடியாதவர்களுக்குக் கோலால் தள்ளப் பழக்கியவன், இப்போது வடக்கே ஏரிக்கரைக் குடியிருப்புகளில் குழந்தைகளுக்கு ஆட்டம் சொல்லித் தருபவன் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். மன்றத்துச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் ஓல்கா, "வீட்டுல அவர் எப்படின்னு நீதான் நாலு வார்த்தை பேசணும்" என்றாள். அவளே தொடர்ந்தாள்: "என்னடி முழிக்கிற? குளிர்காலத்துல மனுஷன் வீட்டுக்கு வந்தாத்தானே உனக்குத் தெரியும்!" எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

வெள்ளியன்று அங்கே முட்டைக்கோஸ் உருண்டை கொடுக்கப் போனேன். பள்ளிப் பேருந்து ஓட்டும் ரூபி, நீ பழக்கியவள், என் கையில் துடைப்பத்தைத் திணித்தாள். எதிர்முனையில் துடைப்பத்தை ஊன்றிக் குறி காட்டி நிற்கும் அவளுடைய அணித்தலைவிக்குக் காய்ச்சலாம். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். "லைல் பொண்டாட்டி பேசுற பேச்சா இது? எங்க நிக்கணும்னு நான் சொல்றேன். துடைப்பத்தை ஊனிக்கிட்டு அசையாம நில்லு. உன்னைப் பாத்துத்தான் கல்லை விடுவேன்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பனியில் இறங்கினேன். மறுமுனையில் ரூபி குந்தினாள். கல்லைப் பிடித்தபடி தலை நிமிர்ந்து, அவ்வளவு நீளப் பனிக்கு அப்பாலிருந்து என்னையே பார்த்தாள், உலகத்தில் வேறு யாரும் இல்லாதது போல. அப்புறம்தான் கல்லை விட்டாள்.

தோற்றுவிட்டோம். வழக்கப்படி வென்றவர்கள் எங்களுக்கு பீர் வாங்கித் தந்தார்கள். கோப்பையைக் கையில் வைத்தபடி, யாராவது என்னை அப்படிப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன்னைப் பற்றிப் பேச மேடையேற மாட்டேன் என்று ஓல்காவிடம் சொல்லிவிட்டேன். அந்தக் குழந்தைகளை விட்டுவிட்டு வா என்று கேட்கவில்லை. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வா, லைல். கூட்டம் வருமுன் பனித்தளம் காலியாக இருக்கும். எதிர்முனையில் நான் நிற்கிறேன். கல்லை விடுமுன் ஒருமுறை நிமிர்ந்து பார். அது எங்கே போய் நின்றாலும் சரி.

உன்
வெர்னா