இருபதாம் தேதிக்கு முன்பு

கோல்டர் கிரீக், கன்சாஸ்
அக்டோபர், ஞாயிறு மாலை

அன்புள்ள வெர்னாவுக்கு,

நலம். உன் நலத்தை அறிய ஆவல். தொலைபேசியில் பேச ஆரம்பித்தால் மழை, காற்று, கார் டயர் என்று முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைப் பழுது பார்த்தாயிற்று. உன் பியானோவின் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை; முட்டையும் ரொட்டியும் செய்யத் தெரிந்த மனிதன் பட்டினி கிடப்பதில்லை.

பெரிய பால் பண்ணையை மூடிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அப்போதிலிருந்து வாரத்துக்கு ஒரு குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டே இருந்தது. நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகள் குறைந்துபோன இத்தனை வருடங்களில் அந்தப் பண்ணையில் வேலை பார்த்த குவாத்தமாலாக் குடும்பங்களின் பிள்ளைகளால்தான் நம் பள்ளிக்கூடம் நின்றது. உனக்குத் தெரியாததா, உன் பாடகர் குழுவில் பாதிப் பேர் அவர்கள்தானே. ஆனால் செப்டம்பர் இருபதாம் தேதி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தலைகளுக்குத்தான் அரசு பணம் தருகிறது. மறுநாள் யார் இருந்தார்கள், போனார்கள் என்று கேட்பாரில்லை. மேல் வகுப்புகளில் நாற்பது பேர் இல்லாவிட்டால் அவர்களை ஹாம்லின் ஊருக்கு அனுப்பிவிடுவது என்று நம் பள்ளி வாரியம் வசந்தத்திலேயே முடிவு செய்திருந்தது.

வாரியத் தலைவர் குர்ட் ஒரு நாள் காபிக் கடையில் எல்லார் முன்னாலும், "எல்டன், உன் ஸ்கூல்ல இப்ப வாயில நுழையிற மாதிரி ஒரு பேராவது இருக்கா?" என்றார். பள்ளிக் கண்காணிப்பாளனாக எத்தனையோ வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவன், அன்றைக்கு விடவில்லை. "உங்க பேரனுங்க ரெண்டு பேரையும் ஹாம்லினுக்கு அனுப்பாம இருந்திருந்தா ரெண்டு பேர் நுழைஞ்சிருக்கும், குர்ட்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் காபியைக் குடித்து முடிக்காமலே போய்விட்டார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் சரியாக நாற்பது பேர் இருந்தார்கள். அப்போதுதான் எவரிஸ்டோவுக்கு அயோவாவில் ஒரு இறைச்சி ஆலையில் வேலை கிடைத்திருப்பதாகவும், திங்கட்கிழமை சேர வேண்டும் என்றும் கேள்விப்பட்டேன். யெசெனியாவின் அப்பா. நீ தனியாகப் பாட வைப்பாயே, அந்தப் பெண்தான். அவளும் இரண்டு தம்பிகளும் மேல் வகுப்புகளில் படித்தார்கள்.

அப்பா மட்டும் முன்னால் போகட்டும், மற்றவர்கள் இருபதாம் தேதி வரை இருக்கட்டும் என்று கேட்கத்தான் சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். உள்ளே கட்டில்களைக் கழற்றி வைத்திருந்தார்கள். இருந்தது ஒரே நாற்காலி. அதில் என்னை உட்கார வைத்தார்கள். அம்மா டெல்ஃபினா கருப்பு பீன்ஸும் சோள ரொட்டியும் கொடுத்தாள். எல்லாரும் நின்றுகொண்டே நான் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். கார் ஒன்றுதான், அங்கே வாடகைக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று என்றார் எவரிஸ்டோ.

"அப்பா கேக்கிறார், நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களாமே?" என்றாள் யெசெனியா.

"ஒண்ணுமில்லம்மா. உங்க சர்டிபிகேட்டை எல்லாம் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். என் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. காரில் மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓட்டிப் போய், எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

வாங்கிக்கொள்ள அவள்தான் வாசலுக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "எங்கள இருக்கச் சொல்லிக் கேக்கத்தான் வந்தீங்கன்னு தெரியும் சார். ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும். அப்பாகிட்ட நான்தான் சொல்லல. சொல்லியிருந்தா உங்களுக்காக எங்கள இங்க இருக்க விட்டிருப்பார், ஆனா எங்கள விட்டுட்டுத் தனியாப் போயிருக்க மாட்டார். அந்த வேலையும் போயிருக்கும்."

நல்ல காரியம் செய்தாய் என்றேன். உனக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

இருபதாம் தேதி முப்பத்தேழு பேர். போன செவ்வாய்க்கிழமை வாரியம் கூடி வாக்களித்தது. வரும் ஜூனோடு மேல் வகுப்புகள் இல்லை. கை தூக்கச் சொன்னபோது குர்ட்டின் கை கடைசியாகத்தான் எழுந்தது. வெளியே வந்தபோது அவர் தன் வண்டியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சின்ன வகுப்புகளை மட்டும் பாதிச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

வெர்னா, இங்கே இசை வகுப்பை நிறுத்தியபோது, ஒரு வருடத்துக்குத்தான் என்று சொல்லித்தானே டென்வருக்கு வேலைக்குப் போனாய். இது மூன்றாவது வருடம். எப்போது வருவாய் என்று நான் கேட்டதில்லை. நீயாகச் சொல்வாய் என்று இருந்துவிட்டேன். எவரிஸ்டோ வீட்டிலிருந்து திரும்பும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர்களிடம் கேட்காதது சரி. உன்னிடம் கேட்காதது சரியா என்று தெரியவில்லை.

நவம்பர் கடைசியில் நன்றி நாள் விடுமுறைக்கு அங்கே வரட்டுமா? வந்தால், ஜூனுக்குப் பிறகு என்ன செய்வது என்றும் பேசலாம். வர வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதையும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

குளிர் சீக்கிரம் வந்துவிட்டது. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

என்றும் உன்,
எல்டன்