உப்பு போடாத தொட்டி

பூந்தமல்லி கடைத்தெருவில் குல்பி விற்கும் பாய் இன்று மதியம் பானைக்குள் ஐஸைத் தட்டிப் போட்டு, மேலே கல்லுப்பை அள்ளி வீசினார். உப்பு சேர்ந்தால் ஐஸின் குளிர் இன்னும் ஏறும்; குல்பி இறுக வேண்டுமே, அதற்குத்தான். பானையைத் தொட்ட விரலில் அந்தக் குளிர் பட்டதும் என் கை தானாகப் பின்னால் போனது. "இன்னா தம்பி, உள்ள பாம்பா கீது?" என்று சிரித்தார். தொட்டியிலிருந்து உன்னை வெளியே எடுத்தபோது உன் சட்டை அந்தக் குளிரில்தான் இருந்தது.

அம்பத்தூரில் நாம் வேலை பார்த்த ஐஸ் பேக்டரித் தொட்டி உனக்கு நினைவிருக்கும். இறந்தவனிடம் இப்படிச் சொல்வது பைத்தியக்காரத்தனம்; இருக்கட்டும். தரை என்று நாம் நடந்ததெல்லாம் பலகை மூடிகள். அடியில் கறுத்த உப்புநீர். அதில் நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்கள் முங்கிக் கிடக்கும். டப்பாவுக்குள் தண்ணீர் பாறையாகும். சுற்றிலும் அதைவிடக் குளிர்ந்த உப்புநீர் உறையாமல் ஓடிக்கொண்டிருக்கும். "உறையாத தண்ணிய நம்பாத மச்சான். அது இன்னாத்துக்கோ காத்துகினு கீது" என்பாய்.

டப்பாக்களிலிருந்து கசியும் தண்ணீரால் தொட்டியில் உப்பின் அளவு குறைந்துகொண்டே வரும். கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலாளி உப்பு வாங்குவதை நிறுத்தினார். உப்பு குறைந்ததும், தொட்டிக்குள் ஓடும் குளிர்க்குழாய்கள் மேல் உப்புநீரே உறைந்து தடித்தது. உப்பு போட்டால் தானாகக் கரைந்திருக்கும். அதற்குப் பதிலாக நம் கையில் கடப்பாரையைக் கொடுத்தார்கள். குழாய்ச் சந்தில் ஒற்றைப் பலகைமேல் நின்று குத்திப் பெயர்ப்போம், முறை வைத்து.

பட்டப்பகலில்தான் நீ வழுக்கினாய். சத்தமே இல்லை. கடப்பாரை மட்டும் பலகைமேல் கிடந்தது. மூடி மூடியாகத் தூக்கினோம். ஒவ்வொன்றின் அடியிலும் வெறும் கறுப்பு நீர். கடைசி மூடியின் அடியில் கண்ணாடி போல மெல்லிய ஐஸ். அதன் பின்னால் உன் முகம், யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தது போல.

வெயிலில் கிடத்தினோம். நெற்றியிலும் கழுத்திலும் முத்து முத்தாக நீர் கோத்தது. "வேர்க்குதுடா! உயிர் கீதுடா!" என்று லோடு ஏற்றுபவர் கத்தினார். கையையும் காலையும் தேய்த்தோம். ஐஸ் உருகியது, அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அந்தத் தொட்டி ஐஸ் ஒரு கல்யாண வீட்டுக்குச் சர்பத் போட வண்டி ஏறியது.

"குடிச்சிட்டு விழுந்துட்டான்" என்றார் முதலாளி. மறுநாள் லாரியில் உப்பு வந்தது. மூட்டை மூட்டையாக, நம் ஆட்களை வைத்தே கொட்டினார்கள். குழாய்கள் பளிச்சென்று ஆகிவிட்டன. விசாரிக்க வந்த அதிகாரி, நீரில் உப்பின் அளவைக் காட்டும் மிதவையைத் தொட்டிக்குள் விட்டார். அது நிற்க வேண்டிய கோட்டில் நின்றது. கரைந்த உப்பு, எப்போது வந்தேன் என்று சொல்லாது. அந்தத் தொட்டி உன்னை விழுங்கியதைவிட, முதலாளிக்குச் சாட்சி சொன்னதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

"நேத்து கொட்டுனது சார். அவன் குடிக்கவே மாட்டான்" என்றேன். அதிகாரி மிதவையைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். அடுத்த நாள் என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

உன் அம்மா என் சட்டையைப் பிடித்தாள். "நெசத்த சொல்லுடா, குட்ச்சிட்டா உளுந்தான் எம்புள்ள?"

"இல்லம்மா. உப்பு போடல. அதான்."

அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது, பிடியை விட்டாள்.

இப்போது வேலை கேட்டுப் போகும் இடமெல்லாம், பழைய கம்பெனியை ஏன் விட்டாய் என்கிறார்கள். பொய் சொன்னால் வேலை கிடைக்கும். நான் உன் பெயரிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.