ஒன்றாம் சேனல்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் பார்க்கிங் கட்டடத்துச் சரிவில் மறுபடியும் முட்டல். மேலிருந்து ஒரு வெள்ளைக் கார் இறங்க, கீழிருந்து ஒரு டாக்டரம்மா ஏற, நடுவில் மூக்கோடு மூக்கு. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் என்று இவ்வளவு பெரிய பலகை வைத்திருக்கிறோம், யார் படிக்கிறார்கள்? கேட்டில் நிற்கும் பெரியவர் ஊதினார். (ஊதி ஊதி அவர் பேரே விசில் ஆகிவிட்டது.) மூன்றாம் மாடியிலிருந்து மச்சானும் ஊதினான். எந்த விசில் எந்த வண்டிக்கு என்று தெரியாமல் இரண்டும் கிளம்பிவிட்டன. டாக்டரம்மா என்னைத் திட்டிய திட்டுக்கு மருந்தே கிடையாது.

"வாக்கி டாக்கி வாங்கிடலாம் அத்தான். இப்பல்லாம் மலிவாவே வருது" என்றான் மச்சான்.

என் மனைவி இருக்கிறாளே, இவள் தம்பிக்கு எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை இருக்கும். இந்த பார்க்கிங்கை அவனை நம்பித்தான் எடுத்தேன், அதை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை நாள் இல்லாத வாக்கி டாக்கி இப்போது ஏன்? எந்தக் கடைக்காரனாவது சிநேகிதனா?

மார்ச் 6, வியாழன்

கடைக்காரர் மச்சானுக்குச் சிநேகிதன் இல்லை. அவனை வெளியே நிற்க வைத்துவிட்டு விசாரித்தேன்.

மேஜை முழுக்கச் செட்டுகளைப் பரப்பினார். ஒரு அட்டையில் "பத்து கிலோமீட்டர்" என்று கொட்டை எழுத்து. எங்கிருந்து எங்கே என்று கேட்டேன். "மலை உச்சியில நின்னுக்கிட்டு அடுத்த உச்சிக்குப் பேசினா வரும் சார்." எங்களிடம் மலை இல்லை, கான்கிரீட்தான் இருக்கிறது என்றேன். "அப்ப அட்டையைப் பாக்காதீங்க. ரெண்டு ரெண்டா எடுத்துட்டுப் போய் உங்க கட்டடத்துலயே பேசிப் பாருங்க" என்று கையில் கொடுத்துவிட்டார். முன்பின் தெரியாதவனிடம் பொருளைத் தூக்கிக் கொடுக்கிற வியாபாரி! எனக்கு அதுவே உறுத்தியது.

மச்சான் அடித்தளத்துக்குப் போனான், நான் மொட்டை மாடியில் நின்றேன். திரையெல்லாம் வைத்து மினுமினுத்த செட், அவன் முதல் வளைவு திரும்பியதுமே செத்துப்போனது. திரையே இல்லாத, குண்டு பிஸ்கட் பாக்கெட் மாதிரியான செட்டில் மட்டும் பம்ப் அறை மூலையிலிருந்துகூடக் குரல் வந்தது. "இதுதான் அத்தான். அழகு இல்ல, ஆனா பேசுது." நானும் அதையேதான் நினைத்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

கூடவே உபரி பேட்டரி, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செருகும் சார்ஜர், காதுக்குழாய்கள். கழுத்தில் மாட்டும் மைக்கையும் விற்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். காதுக்குழாய் மட்டும் எல்லோருக்கும் கட்டாயம். நாங்கள் பேசுவது வண்டிக்காரர்களுக்குக் கேட்கக்கூடாது.

இது லைசென்ஸ் வேண்டாத ரகம். எல்லா செட்டும் ஒன்றாம் சேனலில்தான் வருமாம். "ஒரு கோடு நம்பர், அதான் குறியீட்டு நம்பர், போட்டுட்டா மத்தவங்க பேச்சு உங்க காதுல விழாது. குடுங்க, போட்டுத் தரேன்." எங்கள் ரகசிய நம்பர் கடைக்காரருக்கு எதற்கு? கம்ப்யூட்டரில் செருகும் கேபிளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நானே போடுவேன்.

மார்ச் 9, ஞாயிறு

பகல் முழுக்க இதே வேலை. ஒவ்வொரு செட்டாகக் கேபிளில் மாட்டவேண்டும், திரையில் கட்டங்கள் வரும், அனுப்புவதற்கு ஒரு கட்டம், கேட்பதற்கு ஒரு கட்டம். இரண்டிலும் நம்பரை இடவேண்டும். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இவளுக்குத் தொண்டை வற்றிவிட்டது. "அந்த டப்பாவையே பொசுக்கித் தின்னுங்க" என்றாள். மச்சானுடைய செட்தான் கடைசி. முடித்துவிட்டு எழுந்தேன்.

ரகசிய நம்பரை எங்கும் எழுதவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

காதுக்குழாயோடு விசில், மந்திரிக்குக் காவல் நிற்பவர் மாதிரி விறைப்பாக நிற்கிறார். சரிவில் முட்டல் இல்லை.

மார்ச் 13, வியாழன்

மத்தியானம் மச்சான் சொன்னான்: "நாளைக்கு எதிர்ல ரெண்டு பேர் லீவு அத்தான். கூட்டம் நம்ம பக்கம்தான் வரும்."

எதிரே இருப்பது கூலிங்கிளாஸின் பார்க்கிங். அடித்தளத்து இருட்டிலும் கண்ணாடியைக் கழற்றாத ஆசாமி. அங்கே யார் லீவு என்று இவனுக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். "பேசிக்கிட்டாங்களே" என்றான், சாதாரணமாக. யார் பேசிக்கொண்டார்கள்? யாரோடு? அதற்குள் ஒரு வண்டி வந்துவிட்டது.

மறுபடி கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான்.

மார்ச் 18, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

நேற்று மச்சானும் நானும் செட்டில் ஒரு திட்டம் போட்டோம். பக்கத்து கிளினிக்குக்கு வரும் நோயாளிகளுக்குத் தரைத்தளத்தைத் தனியாக ஒதுக்குவது, சக்கர நாற்காலியோடு ஒரு ஆளையும் நிறுத்துவது. வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. விசிலின் செட் அப்போது சார்ஜரில் இருந்தது, அவரிடம்கூடப் பிறகுதான் சொன்னேன். இன்று காலையில் வந்து பார்த்தால், எதிரே புதுப் பலகை: "கிளினிக் வருவோருக்குத் தரைத்தளம்." கீழே சக்கர நாற்காலி! பளபளவென்று!

ரகசிய நம்பர் போட்ட செட். வேற்று ஆள் குரல் ஒன்றுகூட இதுவரை என் காதில் விழுந்ததில்லை, அவ்வளவு சுத்தமான லைன். அப்படியானால் மிச்சம் இருப்பது நானும் அவனும். நான் சொல்லவில்லை.

இவளிடம் சொன்னேன். "என் தம்பியையா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். இரவுச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும். என் செட்டிலும் விசிலின் செட்டிலும் சேனல் குமிழின் இரண்டாம் இடத்தில், அதே ஒன்றாம் சேனலுக்கு, வேறொரு கோடு நம்பர் போட்டேன். இது எங்கள் இருவருக்கு மட்டும். மச்சான் யாரோடு பேசுகிறான், எப்போது தெருவைக் கடக்கிறான் என்று விசில் சொல்லவேண்டும்.

"அவரு நல்ல புள்ளைங்க சார்" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், தெரிய வரும்வரை.

மார்ச் 26, புதன்

விசிலின் தகவல்: தெருவைக் கடக்கவில்லை. போனில் யாரோடும் அதிகம் பேசவில்லை. கள்ளனுக்குத் தெரியாதா ஜாக்கிரதை?

இப்போதெல்லாம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மார்ச் 29, சனி

இன்று மனசு ஆறாமல் விசிலிடம் செட்டில் கொட்டித் தீர்த்துவிட்டேன். "கூடவே வச்சுச் சோறு போட்ட பாம்பு அது. அவன் அக்கா மொகத்துக்காகப் பாக்குறேன், இல்லேன்னா என்னிக்கோ தெருவுல நிறுத்தியிருப்பேன். அவனுக்கு வேற யாரு வேலை குடுப்பா?"

விசில் "சரிங்க சார்" என்றார்.

சொன்னபிறகு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. மச்சான் மேலே வேலையாகத்தான் இருந்தான். இரண்டு வண்டிகளைச் சுருக்கமாக, சரியாக இறக்கினான்.

ஏப்ரல் 3, வியாழன்

போகிறானாம்!

செட், காதுக்குழாய், உபரி பேட்டரி, எல்லாவற்றையும் துடைத்து என் மேஜையில் வைத்தான். "நாளையிலேருந்து வரல அத்தான்." எங்கே போகிறாய் என்றேன். "எதிர்ல கூப்பிட்டாங்க" என்றான்.

சொன்னேனா இல்லையா! சொன்னேனா இல்லையா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும் என்று கடைசியில் அவனே ஒத்துக்கொண்டான். எவ்வளவு நாளாகப் பேச்சு நடக்கிறது என்று கேட்டேன். துடைத்த துணியை மடித்து வைத்தான். "அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான், சரிவு வழியாக, நடந்து.

விஷயம் தெரிந்ததும் இவள் அழுதாள். நான் சொன்னது சரியென்று ஆகிவிட்டது. ஆனாலும் சந்தோஷமாக இல்லை. ஏன் இல்லை?

ஏப்ரல் 5, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலையில் புது ஆளுக்குக் கொடுக்கலாம் என்று மச்சானின் செட்டை எடுத்தேன். பேட்டரி இருக்கிறதா பார்க்க மேஜையில் வைத்துக் குமிழைத் திருகினேன். உடனே ஒரு குரல்: "அந்தப் பெருசு இன்னும் வாயைத் தொறக்கலியா? லைனே வெறிச்சோடிக் கிடக்கு." சிரிப்பு. கூலிங்கிளாஸ்! அவருடைய குரல், என் மேஜைமேல்!

பக்கத்திலேயே என் செட். அதில் ஒரு சத்தமும் இல்லை.

முதலில் நினைத்தேன், பார், நம் செட்டிலேயே எதிரியோடு பேச ஏற்பாடு செய்திருக்கிறான் என்று. உடனே கேபிளை மாட்டிப் பார்த்தேன். அனுப்பும் கட்டத்தில் என் ரகசிய நம்பர் இருந்தது. கேட்கும் கட்டம் காலி. அவன் இதைத் தொட்டிருக்க முடியாது. கேபிள் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, சாவி என்னிடம். சாப்பிடக் கூப்பிட்ட அவசரத்தில் நான் விட்ட கட்டம்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். பொறுமையாகத்தான் சொன்னார். "கோடு உங்க காதுக்குப் போடுற பூட்டு சார். வாய்க்கு இல்ல. நீங்க பேசுறது அந்தச் சேனல்ல இருக்கிற எல்லாருக்கும் போகும். கோடு போடாத செட்டு எல்லாத்தையும் கேக்கும். நான்தான் அன்னிக்கே சொன்னேனே." ஆமாம், சொன்னார். மற்றவர்கள் பேச்சு என் காதில் விழாது என்றுதான் சொன்னார். என் பேச்சு மற்றவர்களுக்கு விழாது என்பதை நானே சேர்த்துக்கொண்டேன். எதிர்ப் பக்கத்துச் செட்டுகளுக்கும் ஒன்றாம் சேனல்தான், அவர்கள் கோடே போடவில்லை போலிருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். நான் காதை மூடிக்கொண்டு நினைத்தேன்.

அப்படியானால் சக்கர நாற்காலியை எதிராளிக்குச் சொன்னது யார்? நான்தான். என் வாயால்.

பிறகுதான் அடுத்தது உறைத்தது. கேட்கப் பயமாக இருந்தது, கேட்டுத்தான் ஆகவேண்டும். என் செட்டை இரண்டாம் இடத்துக்குத் திருப்பினேன், மச்சானின் செட்டை அப்படியே ஒன்றில் விட்டேன். கேட் பக்கம் எட்டிப் பார்த்துக் கத்தினேன்: "விசில், நம்ம நம்பருக்கு மாத்திக்கிட்டு ஏதாவது பேசுங்க."

"என்ன சார் பேசறது?" என்றார். குரல் இரண்டு செட்டிலிருந்தும் வந்தது.

கூடவே வைத்துச் சோறு போட்ட பாம்பு. அவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள். எல்லாமே, ஒரு எழுத்து விடாமல், அவன் காதுக்குழாயில்! கேட்டுக்கொண்டே வண்டி இறக்கியிருக்கிறான். ஐயோ.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவன் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கொடுத்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஏன்டா சொல்லல?" என்றேன். என்னத்தை என்று அவன் கேட்கவில்லை.

"எதிர்ல பேசுறது எல்லார் செட்டுலயும் கேக்குதுன்னுதான் நெனச்சேன் அத்தான். நீங்க பேசினது..." டம்ளரை நகர்த்தி வைத்தான். "எனக்குக் கேக்கணும்னுதானே பேசுறீங்கன்னு இருந்தேன். மொகத்துக்கு நேரா சொல்ல முடியாம, நானே புரிஞ்சுக்கிட்டுப் போயிடணும்னு."

இல்லடா, உனக்குக் கேட்காது என்று நினைத்துத்தான் பேசினேன் என்றேன். சொன்னபிறகுதான் அது இன்னும் மோசம் என்று தெரிந்தது. அவனும் அப்படித்தான் பார்த்தான்.

எதிரே எப்படிக் கூப்பிட்டார்கள் என்றேன். "அன்னிக்கு நீங்க பேசினதை அவரும் கேட்டிருக்காரு. சாயங்காலமே போன் பண்ணினாரு. உனக்கு வேலை குடுக்க நான் இருக்கேன்னாரு." திரும்பி வந்துவிடு என்று கேட்டேன், மன்னிப்பும் கேட்டேன். "வாக்கு குடுத்துட்டேன் அத்தான்" என்றான். வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

ஏப்ரல் 24, வியாழன்

எங்கள் செட்டுகளை எல்லாம் வேறு சேனலுக்கு மாற்றியாகிவிட்டது. கடைக்காரரே போட்டுக் கொடுத்தார். புது ஆள் எந்நேரமும் பதறுகிறான்.

மச்சானின் பழைய செட்டை மட்டும் மாற்றவில்லை. ஒன்றாம் சேனலிலேயே, மேஜை மேல், சத்தத்தைக் குறைத்து. எதிரியை உளவு பார்க்க என்று விசிலிடம் சொல்லியிருக்கிறேன். அவர் "சரிங்க சார்" என்றார். அவன் குரல் வருகிறது: "வெள்ளை வண்டி வரட்டும், சிவப்பு நிக்கட்டும்." அங்கேயும் முட்டல் இல்லையாம்.

இவள் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். அதுவும் சுவரைப் பார்த்து.

மே 9, வெள்ளி

மத்தியானம் செட்டில் எதிர்ப் பக்கத்து ஆள் ஒருவன் என்னைப் போல மிமிக்ரி செய்தான். "கூடவே வச்சுச் சோறு போட்ட பாம்பு அது" என்று, என் இழுவையோடு அப்படியே. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். குறைக்கலாம் என்று குமிழைத் தொட்டேன்.

அப்போது அவன் குரல். "அவரு என் அக்கா வீட்டுக்காரரு. லைன்ல வேலையை மட்டும் பேசு."

அதற்குப் பிறகு வண்டி விவரங்கள் மட்டும்தான் வந்தன.

அப்போதிலிருந்து ஒரே யோசனை. இந்தச் செட்டுக்கு என்னவெல்லாம் கேட்கும் என்று என்னைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். இது என் மேஜையில் இருக்கிறது என்றும் தெரியும், அவன்தானே வைத்துவிட்டுப் போனான். அப்படியானால் நான் கேட்கவேண்டும் என்றே சொன்னானா? இல்லை, நான் கேட்கமாட்டேன் என்று நினைத்தும் அப்படிச் சொன்னானா?

வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன், அவன் சொன்னதையும், என் சந்தேகத்தையும். சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "இங்க உக்காந்து என்ன ஆராய்ச்சி? போய் அவனையே கேளுங்க" என்றாள். பிறகு, "இருங்க, நானும் வரேன்" என்றாள்.

புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் இதை எழுதிவிட்டேன்.